டங்க் எஸ்பி: கூடைப்பந்துத் திடலிலிருந்து ஸ்கேட்போர்டுக்கு வந்த காலணி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடி பக்கத்து இளைஞர்கள் பலரின் காலில் இப்போது டங்க் வகைக் காலணிகளைக் காண முடிகிறது. அவற்றுள் ஒரு பகுதி அசல், பெரும்பகுதி நகல், மிகச் சில மட்டுமே சக்கரம் வைத்த பலகையான ஸ்கேட்போர்டின் மேல் ஏறியவை. அந்தக் காலணிக்குள் என்ன இருக்கிறது, எதற்காக மாற்றியமைக்கப்பட்டது, நம் தெருவுக்கும் நம் வெயிலுக்கும் அது பொருந்துமா என்று கேட்பவர்களுக்காக இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

டங்க், டங்க் எஸ்பி இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. டங்க் என்பது 1985ஆம் ஆண்டு நைக்கி நிறுவனம் கூடைப்பந்துக்காக வெளியிட்ட காலணி. அதை வடிவமைத்த பீட்டர் மூர், கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் பெயரில் அதே ஆண்டு சந்தைக்கு வந்த முதல் ஏர் ஜோர்டான் என்ற நைக்கி காலணியையும் வடிவமைத்தார் என்பதால், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் ஏற்படுவது இயல்பே. கென்டகி, மிச்சிகன், சிராக்யூஸ் போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளின் நிறங்களில் டங்க் வெளியானதால், அந்தந்தக் கல்லூரியின் மாணவர்கள் தங்கள் அணியின் நிறத்தையே காலில் அணிந்துகொள்ள முடிந்தது. டங்க் எஸ்பி என்பது அதே காலணியை ஸ்கேட்போர்டு ஆட்டத்துக்கென்று உள்ளும் புறமும் திருத்தி 2002இல் வெளியிட்ட வகை; எஸ்பி என்பது ஸ்கேட்போர்டிங் என்பதன் சுருக்கம். தெருவில் நடப்பதற்காக இன்று விற்கப்படும் சாதாரண டங்கில் இந்தத் திருத்தங்கள் இருக்காது.

கூடைப்பந்துக் காலணி ஸ்கேட்போர்டு ஆடுபவர்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

எந்த நிறுவனமும் திட்டமிட்டு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை, ஆடியவர்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். டங்க் வெளியான 1980களில் ஸ்கேட்போர்டுக்கென்று காலணி செய்தவர்கள் வெகு சிலர். 1966இல் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் தொடங்கப்பட்ட வேன்ஸ் அவர்களுள் முதன்மையானது. டோனி ஆல்வா, ஸ்டேசி பெரால்டா ஆகிய ஸ்கேட்போர்டு வீரர்களின் யோசனைகளைக் கேட்டு, கணுக்காலில் திணிப்பு வைத்த ஒரு காலணியை அது 1976இல் வெளியிட்டது. ஆயினும் அது கேன்வாஸ் கலந்த, கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடும் காலணி. வளைந்த மரச் சரிவுகளில் ஏறி இறங்கியவர்களுக்கு, பலகை வந்து மோதும்போது கணுக்கால் எலும்பை மறைக்கும் உயரமும் தோலின் உறுதியும் தேவைப்பட்டன.

அந்தச் சமயத்தில்தான் முதல் ஏர் ஜோர்டான் சந்தையில் தேங்கியது. 65 டாலர் விலையில் பரபரப்பாக அறிமுகமான அது அளவுக்கு மீறி உற்பத்தி செய்யப்பட்டுவிட, மிஞ்சிய ஜோடிகளைக் கடைக்காரர்கள் தள்ளுபடி அலமாரியில் குவித்தார்கள். கையில் காசு குறைவாக இருந்த ஸ்கேட்போர்டு இளைஞர்களுக்குத் தடித்த தோல், உயர்ந்த கழுத்து, தட்டையான ரப்பர் சோல் மூன்றும் மலிவு விலையில் ஒரே காலணியில் கிடைத்துவிட்டன. டங்கும் அவர்களிடம் அவ்வாறே போய்ச் சேர்ந்தது. லான்ஸ் மவுன்டன் என்ற புகழ்பெற்ற வீரர் ஒரு காலில் ஒரு நிறமும் மறுகாலில் வேறு நிறமுமாக ஜோர்டான் அணிந்து ஆடியது, பிற்காலத்தில் அந்த நிறுவனமே கொண்டாடும் செய்தியாயிற்று. சேகரிப்பாளர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும் காலணிக்கு இந்த மதிப்பு வந்ததில், அதைத் தள்ளுபடியில் வாங்கித் தேய்த்துத் தீர்த்தவர்களுக்கும் பங்குண்டு.

ஓட்டக் காலணியைவிட இது பலகைக்கு ஏற்றது என்கிறார்களே, ஏன்?

கூடைப்பந்து மரத்தளத்தில் ஆடப்படுகிறது. திடீரென நிற்கவும், ஒரு காலை ஊன்றிச் சுழலவும், பக்கவாட்டில் தாவவும் வேண்டியிருப்பதால், அதற்கான காலணியின் சோல் தட்டையாகவும் தரையை முழுமையாகத் தொடுவதாகவும் அமையும். டங்கின் அடியில், முன்பாதத்தின் கீழ், சுழல்வதற்கென்றே வட்ட வட்டமாக வரிகள் இடப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். ஓட்டக் காலணியோ குதிகாலில் உயர்ந்து முன்னே சரியும். நேர்கோட்டில் ஓடுவதற்கு அது நன்று, ஆனால் பக்கவாட்டில் சாய்ந்து திருப்ப வேண்டிய பலகையின் மேல் அதே உயரம் கணுக்காலை மடக்கிவிடும்.

அப்படியானால் 2002இல் மாற்றுவதற்கு என்ன இருந்தது?

நிறைய இருந்தது. அதைப் புரிந்துகொள்ள ஸ்கேட்போர்டின் அடிப்படை வித்தையான ஓலியைப் பார்க்க வேண்டும். பின்காலால் பலகையின் வாலைத் தரையில் அறைந்து மேலே துள்ளும் அதே கணத்தில், முன்காலின் பக்கவாட்டைப் பலகையின் மேற்பரப்பில் உரசியபடி முன்னோக்கி இழுத்தால், பலகை காலோடு ஒட்டிக்கொண்டது போல மேலெழும். அந்த மேற்பரப்பில் கிரிப் டேப் ஒட்டப்பட்டிருக்கிறது. தச்சர்கள் பயன்படுத்தும் உப்புத்தாளைப் போன்ற, சிலிக்கான் கார்பைடு துகள்கள் பதித்த தாள் அது. ஆக, ஆடுபவர் ஒவ்வொரு ஓலியிலும் தன் காலணியை உப்புத்தாளில் தேய்க்கிறார். பலகையைக் காற்றில் சுழற்றும் கிக்ஃபிளிப் போன்ற வித்தைகளில் சுண்டுவிரல் பக்கம் இன்னும் கடுமையாக உரசும். கூடைப்பந்து வீரரின் காலணி அந்த இடத்தில் தேய்வதற்குக் காரணமே இல்லை என்பதால், 1985இன் வடிவமைப்பில் அதற்கான ஏற்பாடும் இல்லை.

முதல் மாற்றம் நாக்கில், அதாவது லேசுக்கு அடியில் இருக்கும் மடலில் செய்யப்பட்டது. பழைய டங்கின் நாக்கு மெல்லியது. சுழன்று வரும் பலகையின் விளிம்பு மேற்பாதத்தில் அடித்தால் வலி நேராக எலும்புக்குப் போகும். எஸ்பியில் நாக்கு தலையணைபோல் தடிமனாக்கப்பட்டது. தடித்த நாக்கு ஆட்டத்தின்போது ஒரு பக்கமாக நழுவிவிடும் என்பதால், அதன் இருபுறமும் எலாஸ்டிக் பட்டைகள் வைத்து உள்ளடிச் சோலோடு பிணைத்தார்கள். காலை நுழைத்தவுடன் பாதம் இறுகப் பிடிக்கப்படுவதுபோல் தோன்றுவது இந்தப் பட்டைகளால்தான். லேசைத் தளர்வாக விட்டாலும் காலணி எளிதில் கழன்று ஓடாது.

இரண்டாவது மாற்றம் குதிகாலின் கீழே. படிக்கட்டுகளின் மேலிருந்து பலகையோடு குதித்து இறங்குபவரின் எடை முழுவதும் குதிகாலில் இறங்குகிறது. அங்கே உள்ள சதை நசுங்கினால் வாரக்கணக்கில் நடக்க முடியாமல் போகும். எனவே கழற்றி எடுக்கக்கூடிய உள்மெத்தையான இன்சோலின் குதிப்பகுதியில் ஜூம் ஏர் என்னும் மெல்லிய காற்றுப் பை பதிக்கப்பட்டது. அதனுள் அழுத்தத்தில் அடைத்த காற்றும், மேல் பரப்பையும் கீழ்ப் பரப்பையும் இழுத்துப் பிடிக்கும் இழைகளும் உண்டு. அதனால் பை உப்பிப் பந்துபோல் ஆகாமல் தட்டையாகவே இருந்துகொண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. பை தட்டையாக இருப்பது இங்கே மிக முக்கியம். பாதத்துக்கும் பலகைக்கும் இடையே மெத்தை கூடக்கூட, பலகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கால் உணர்வது குறைந்துவிடும்; ஆடுபவர்கள் இதைப் போர்டு ஃபீல் என்பார்கள்.

இவை தவிர அடிச்சோலின் பிடிப்பும் திருத்தப்பட்டது. உரசும் இடங்களில், இழைகள் எழுப்பிவிட்ட ஸ்வேட் தோல் அதிகம் பயன்படுத்தப்பட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது தடித்த நாக்கு ஒன்றுதான்.

காலணியைத் திருத்தியதும் ஸ்கேட்போர்டு உலகம் ஏற்றுக்கொண்டதா?

உடனே ஏற்கவில்லை. 1990களின் பிற்பகுதியில் நைக்கி ஸ்கேட்போர்டுக்கெனச் சில காலணிகளை வெளியிட்டு, சிறு கடைகளின் நம்பிக்கையைப் பெற முடியாமல் பின்வாங்கியிருந்தது. பெரிய நிறுவனம் பணத்தோடு வந்து தங்கள் ஆட்டத்தை விழுங்கிவிடும் என்ற ஐயம் ஆடுபவர்களிடம் இருந்தது. அந்த ஐயத்தை ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. 2002இல் சாண்டி போடெக்கர் என்பவரின் தலைமையில் எஸ்பி பிரிவு தொடங்கியபோது வேறு வழி பின்பற்றப்பட்டது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குப் பதிலாக, ஆடுபவர்கள் ஏற்கெனவே விரும்பி அணிந்த பழைய டங்கையே எடுத்துத் திருத்தினார்கள். ஜினோ யானூச்சி, ரிச்சர்ட் முல்டர், ரீஸ் ஃபோர்ப்ஸ், டேனி சூப்பா என்ற நான்கு வீரர்களிடம் நிறங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஸ்கேட்போர்டு விற்கும் சிறு கடைகளுக்கு மட்டுமே சரக்கு அனுப்பினார்கள். காலணி நன்றாக இருந்ததும், அதை யார் கையால் விற்றார்கள் என்பதும் சேர்ந்தே வேலை செய்தன என்பது என் கணிப்பு.

மற்ற நிறுவனங்களும் இப்படிச் செய்திருக்கின்றனவா?

செய்திருக்கின்றன. கான்வெர்ஸின் ஆல் ஸ்டார் 1917இல் கூடைப்பந்துக்காகப் பிறந்தது. சக் டெய்லர் என்ற விளையாட்டு வீரரும் விற்பனையாளருமானவரின் பெயர் பின்னர் அதில் சேர்ந்தது. அதன் ஸ்கேட்போர்டு வகையில், கிழிந்துபோகும் கேன்வாஸுக்குப் பின்னே ரப்பர் பூச்சு வைத்து, உள்ளே மெத்தை சேர்த்து, அடிச்சோலின் பிடிப்பைக் கூட்டியிருக்கிறார்கள். அடிடாஸின் சூப்பர்ஸ்டார் 1969இல் கூடைப்பந்துத் திடலுக்கு வந்த தோல் காலணி. அதன் முனையில் இருக்கும் சிப்பி வடிவ ரப்பர் மூடியை கிரிப் டேப்பால் எளிதில் தின்றுவிட முடியாது என்பது தற்செயலாக வாய்த்த வசதி. 2023இல் ஏர் ஜோர்டான் 4இன் எஸ்பி வகையும் வந்தது. 1989இல் டிங்கர் ஹாட்ஃபீல்டு வடிவமைத்த அந்தக் காலணி விறைப்பானது என்பதால், சோலையும் பக்கவாட்டு இறக்கைகளையும் வளைந்துகொடுக்குமாறு திருத்த வேண்டியிருந்தது.

நான் மிகவும் ரசிப்பது 2014இல் லான்ஸ் மவுன்டனுக்காகச் செய்யப்பட்ட ஜோர்டான் 1. பழைய நிறங்களின் மேல் ஒரே நிறப் பூச்சு அடிக்கப்பட்டிருக்கும். ஆட ஆட அது உரிந்து, உள்ளிருக்கும் நிறங்கள், அதுவும் காலுக்கு ஒன்றாக, வெளியே வரும். அணியாமல் பெட்டியில் வைத்திருப்பவருக்கு அந்தக் காலணி கடைசிவரை முழுமையாகத் தெரியாது.

கப்சோல், வல்கனைஸ்டு என்று கடையில் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

கப்சோல் என்பது அச்சில் வார்த்தெடுத்த கிண்ணம் போன்ற ரப்பர் சோல். மேற்பகுதியை, அதாவது அப்பரை, அதற்குள் இறக்கிப் பசையிட்டு, பக்கச் சுவரைச் சுற்றிலும் நூலால் தைப்பார்கள். டங்கும் சூப்பர்ஸ்டாரும் இவ்வகை. வல்கனைஸ்டு முறையில், அப்பரின் அடியில் மெல்லிய ரப்பர் சோலை வைத்து, ஓரத்தைச் சுற்றி ரப்பர் நாடாவை ஒட்டி, முழுக் காலணியையும் சூடான அடுப்பில் வேகவைக்கிறார்கள். கந்தகம் கலந்த ரப்பர் அந்தச் சூட்டில் இறுகி அனைத்தும் ஒரே உடலாக ஒட்டிக்கொள்ளும். சக் டெய்லரும் வேன்ஸும் இவ்வகை. பள்ளிக்கூட உடற்பயிற்சி வகுப்புக்கு நாம் அணிந்த வெள்ளை கேன்வாஸ் ஷூவின் ஓரத்திலும் அந்த ரப்பர் நாடாவைப் பார்த்திருப்போம்.

வல்கனைஸ்டு சோல் முதல் நாளிலிருந்தே வளைந்துகொடுக்கும். பலகையின் ஒவ்வொரு அசைவும் காலுக்குத் தெரியும். ஆனால் விரைவில் தேயும், உயரத்திலிருந்து குதித்தால் குதிகாலைக் காக்காது. கப்சோல் முதலில் விறைப்பாக இருந்து, சில வாரங்கள் ஆடிய பிறகே படியும்; அதன் பிறகு நீண்ட நாள் உழைக்கும். நம் பகுதியில் ஆடுபவர்களுக்கு நான் கப்சோலையே பரிந்துரைப்பேன். வழவழப்பான ஸ்கேட் பார்க்குகள் இருக்கும் ஊர்களில் மெல்லிய சோல் இன்பம் தரும். சொரசொரப்பான சிமெண்டில் அடிக்கடி காலை ஊன்றி நிறுத்த வேண்டிய இடத்தில் அந்த இன்பம் சில மாதங்கள்கூடத் தாங்காது.

தோல், ஸ்வேட், கேன்வாஸ் இவற்றுள் எது நீடிக்கும்?

ஆட்டத்துக்கு ஸ்வேட். இதைப் பெரியமேட்டுத் தோல் மண்டிகளில் பழகியவர்களிடம் கேட்டால் காரணத்தையும் சேர்த்தே சொல்வார்கள். வழவழப்பான தோலில் மேல்படலம் பூச்சோடு இருக்கும். உரசியவுடன் அந்தப் பூச்சு கீறி உரிந்து, பிறகு அந்த இடத்திலேயே வேகமாகத் தேயத் தொடங்கும். ஸ்வேட் என்பது தோலின் உட்பக்கத்தைத் தேய்த்து இழைகளை எழுப்பிவிட்ட வகை. ஏற்கெனவே இழை இழையாக நிற்பதால் கிரிப் டேப் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகவே அரிக்க முடிகிறது. பலகையோடு உரசும்போது பிடிப்பும் கிடைக்கிறது. கேன்வாஸ் காற்றோட்டமானது, சென்னை வெயிலுக்கு அதைவிடச் சுகமானது வேறில்லை, ஆனால் பின்புறம் ரப்பர் பூச்சு இல்லாத கேன்வாஸில் ஓலி பழகினால் விரைவிலேயே ஓட்டை விழும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஒரே வடிவத்தில் பல பொருள்களில் எஸ்பி வெளியாகிறது. நிறத்தை மட்டும் பார்த்து வழவழப்பான தோலில் வந்ததை வாங்கிவிட்டு, சீக்கிரம் தேய்ந்துவிட்டது என்று வருந்துபவர்கள் உண்டு.

ஃபர்ஸ்ட் காப்பியில் ஸ்கேட்போர்டு ஆடலாமா?

ஆடாதீர்கள். நடப்பதற்கு வாங்குவது அவரவர் விருப்பம். அதன் அறம் பற்றிய விவாதத்துக்கு இங்கே போகவில்லை. ஆட்டத்துக்கு அது ஆகாது என்பதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. நகல் எடுப்பவர் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே நகலெடுக்கிறார். தடித்த நாக்கு இருக்கும், உள்ளே எலாஸ்டிக் பட்டை இருக்காது. இன்சோலைத் தூக்கிப் பார்த்தால் குதியில் காற்றுப் பைக்குப் பதிலாகச் சாதாரண நுரைத் துண்டுதான் இருக்கும்; உயரத்திலிருந்து குதிக்கும்போது இதுதான் ஆபத்து. மூன்றாவதாக, மலிவான நகல்களில் சோலின் பக்கச் சுவரில் தெரியும் தையல் வெறும் அச்சு வரியாக இருக்கும். நூல் உள்ளே போயிருக்காது. சோல் பசையை மட்டும் நம்பி நிற்பதால், பக்கவாட்டில் இழுபடும் ஆட்டத்தில் பிளந்துகொள்ளும். வாங்கும் முன் அந்த வரியை நகத்தால் நெருடிப் பாருங்கள்; நூல் இருந்தால் விரலுக்குத் தெரியும்.

"ஃபேக்டரி பீஸ்", "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்" என்ற சொற்களைக் கேட்டும் மயங்க வேண்டாம். செய்யாறு சிப்காட்டில் நைக்கிக்குக் காலணி தயாரிக்கும் தொழிற்சாலை இருப்பது உண்மைதான். அந்த உண்மை, கையில் இருக்கும் ஜோடி அங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்றாகாது. காலணியின் உட்புறச் சீட்டில் உள்ள குறியீட்டெண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா, அந்த எண் அதே நிறத்துக்கு உரியதா என்று பார்ப்பது குறைந்தபட்சப் பரிசோதனை. நகல் செய்பவர்கள் அதையும் அச்சிடக் கற்றுக்கொண்டுவிட்டதால், எண் பொருந்தினாலும் இன்சோலைத் தூக்கிப் பார்க்கத் தவறாதீர்கள்.

சில எஸ்பிகளின் விலை இலட்சங்களில் சொல்லப்படுகிறதே?

அது மறுவிற்பனைச் சந்தையின் விலை. ஆட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2005இல் ஜெஃப் ஸ்டேப்பிள் வடிவமைத்த, புறா உருவம் தைத்த டங்க் எஸ்பி நியூயார்க்கில் மிகக் குறைந்த எண்ணிக்கையில் வெளியானபோது, கடைவாசலில் கூடிய கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் காவல்துறை வர வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு, அணிவதற்காக வாங்குபவர்களைவிட விற்பதற்காக வாங்குபவர்கள் பெருகினார்கள். அதே திருத்தங்கள் கொண்ட, சாதாரண நிறத்தில் வரும் எஸ்பி அந்த விலையில் ஒரு சிறு பகுதிக்கே கிடைக்கும்.

எந்த அளவு வாங்குவது?

இந்திய அளவு என்று கடையில் சொல்லப்படுவது பெரும்பாலும் இங்கிலாந்து அளவே. ஆண்களுக்கான அமெரிக்க அளவு 9 என்றால் நைக்கியில் அது இங்கிலாந்து அளவு 8, அடிடாஸில் எட்டரை, கான்வெர்ஸ் சக் டெய்லரில் 9. ஆகவே நண்பரின் காலணி எண்ணைக் கேட்டு வாங்காமல், நிறுவனத்தின் சென்டிமீட்டர் அளவைப் பாருங்கள். டங்க் எஸ்பியில் திணிப்பு அதிகம் என்பதால் உள்ளிடம் குறையும். சிறு வயது முதல் செருப்பே அணிந்து வளர்ந்தவர்களின் முன்பாதம் சற்று விரிந்திருப்பதும் வழக்கம். அப்படிப்பட்டவர்கள் அரை அளவு கூட்டி வாங்குவது நல்லது. மாலையில், கால் சற்று வீங்கிய நேரத்தில், ஆடும்போது அணியும் காலுறையோடு போட்டுப் பாருங்கள்.

இதை அணிந்து கூடைப்பந்து ஆட முடியுமா?

மாலையில் நண்பர்களோடு பந்து போட முடியும். போட்டிக்கு வேண்டாம். 1985இன் வடிவமைப்பே இன்றைய கூடைப்பந்துக் காலணிகளோடு ஒப்பிட்டால் கனமானது, மெத்தை குறைந்தது. எஸ்பியோ பலகையை உணர்வதற்காகத் தட்டையாக்கப்பட்டது. நம் பள்ளிகளிலும் பூங்காக்களிலும் திடல்கள் பெரும்பாலும் சிமெண்ட் தளங்கள். அவற்றின் மேல் திரும்பத் திரும்பக் குதித்து இறங்கும் முழங்காலுக்கு இந்தக் காலணி போதிய துணை செய்யாது. பெரம்பூர் ஐ.சி.எஃப். போன்ற அணிகளில் இடம்பிடிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு பயிலும் பிள்ளைகளுக்கு, அதே பணத்தில் இன்றைய ஆட்டத்துக்குரிய காலணி வாங்கிக் கொடுப்பதே முறை.

என் மகன் ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். இது தேவைப்படுமா?

முதலில் எந்த ஸ்கேட்டிங் என்று கேளுங்கள். சென்னையில் ஸ்கேட்டிங் வகுப்பு என்றால் பெரும்பாலும் காலில் சக்கரம் மாட்டும் ரோலர் ஸ்கேட்டிங்; அதற்கு இந்தக் காலணி பயன்படாது. ஸ்கேட்போர்டுதான் என்றால், தொடக்கத்தில் தட்டையான சோல் கொண்ட எந்தக் கேன்வாஸ் காலணியும் போதும். தள்ளி ஓட்டவும், திருப்பவும், நிறுத்தவும் கற்கும் மாதங்களில் காலணியின் பக்கவாட்டு பெரிதாக உரசாது. ஓலி பழகத் தொடங்கிய பின் எஸ்பியைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை அந்தப் பணம் தலைக்கவசத்துக்கும் முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்புகளுக்கும் போகட்டும். விளையாட்டா, வீண் வேலையா என்று தயங்கும் பெற்றோருக்கு ஒரு தகவல்: 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து ஸ்கேட்போர்டிங் பதக்க விளையாட்டாக இருந்துவருகிறது.

வடசென்னையில் எங்கே ஆடுவது?

இதற்கு மகிழ்ச்சியான பதில் இல்லை. தெற்கே கோவளம், மாமல்லபுரம் பக்கம் அலைச்சறுக்கு ஆடுபவர்களோடு சேர்ந்து ஸ்கேட்போர்டும் வளர்ந்தது. நம் பக்கத்தில் கால்பந்துக்கும் குத்துச்சண்டைக்கும் கேரமுக்கும் இருக்கும் வேர் அதற்கு இன்னும் இல்லை. தார்ச்சாலையின் சரளைக் கற்கள் சிறு சக்கரங்களை அதிரவைத்து நிறுத்திவிடும்; நடைபாதையின் இன்டர்லாக் கற்களுக்கு இடையே உள்ள பள்ளங்கள் அதைவிட மோசம். குடியிருப்புப் பகுதிகளின் உட்தெருக்களில் மாநகராட்சி போட்டிருக்கும் சிமெண்ட் சாலைகள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வாகனங்கள் வெளியே வருவதற்கு முன், ஓரளவு உதவும். வாசல் தெளித்துக் கோலமிடுபவர்களுக்கு வழிவிட்டு ஓட்டுங்கள். ஈரத் தரையில் சக்கரம் வழுக்கவும் செய்யும். பள்ளி அல்லது பூங்காவின் கூடைப்பந்துத் திடல் காலியாக இருக்கும் நேரத்தில் அனுமதி கேட்டு ஆடுவது எல்லாவற்றிலும் சிறந்தது. எண்ணூர் விரைவுச் சாலை, மணலி சாலை போன்ற, கன்டெய்னர் லாரிகளும் டேங்கர் லாரிகளும் ஓயாமல் ஓடும் சாலைகளில், எந்த நேரமாயினும், பலகையோடு இறங்காதீர்கள்.

மழைக்காலத்திலும் கடற்காற்றிலும் எப்படிப் பராமரிப்பது?

ஸ்வேடுக்குத் தண்ணீர் பகை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நனைந்துவிட்டால் வெயிலில் வைக்காதீர்கள். தோல் விறைத்து வெடிக்கும். இன்சோலைக் கழற்றித் தனியாக வைத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, அது ஈரத்தை உறிஞ்சியதும் மாற்றிக்கொண்டே இருந்து, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்துங்கள். முழுக்க உலர்ந்த பின் பழைய பல்தூரிகையால் தேய்த்தால் இழைகள் எழும். காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடலை ஒட்டி வாழ்பவர்கள் காலணியைத் திறந்த மாடத்தில் விட்டால், உப்பு படிந்து வெள்ளைக் கோடுகள் விழும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து உலர்த்துவது போதும்.

பல ஆண்டுகள் அணியாமல் வைத்திருப்பது பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். பாலியூரித்தேன் நுரை வைத்த காலணிகளில், காற்றின் ஈரப்பதம் நுரையோடு வினைபுரிந்து அதைச் சிதைக்கும். வெளியே புதிதாகத் தோன்றும் காலணி, போட்டு நடந்ததும் பொடிப்பொடியாக உதிரும். டங்கின் சோல் ரப்பர் என்பதால் அப்படி உதிராது. ஆனால் நம் ஊர் வெக்கையில் பசை வலுவிழப்பது எல்லாக் காலணிக்கும் பொதுவானது.

ஓட்டை விழுந்தால் தூக்கி எறிய வேண்டியதுதானா?

வேண்டாம். இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். வெளிநாடுகளில் ஆடுபவர்கள் குழாயில் வரும் ரப்பர் பசையை வாங்கித் தாங்களே பூசிக்கொள்கிறார்கள். நமக்குத் தெருமுனையில் செருப்புத் தைக்கும் அண்ணன் இருக்கிறார். கப்சோலின் தையல் அறுந்தால், குத்தூசியும் மெழுகு நூலும் கொண்டு பழைய துளைகளின் வழியாகவே அவர் தைத்துத் தருவார். ஓலியால் விழுந்த ஓட்டைக்கு, பெரியமேட்டில் கிடைக்கும் ஸ்வேட் துண்டு ஒன்றைக் கொடுத்து, உட்புறமாக வைத்து ஒட்டித் தைக்கச் சொல்லுங்கள். வெளியே ஒட்டினால் அந்த விளிம்பையே கிரிப் டேப் பிடித்து இழுத்துவிடும். பசையை இரு பரப்பிலும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு அழுத்துவதுதான் முறை என்பது அவருக்குத் தெரியும். அவசரப்படுத்தாமல் இருந்தால் போதும்.

லேஸ் அறுவது இதைவிடச் சாதாரணம். முன்காலின் கீழ்க்கண்களில் லேஸ் உரசி அறுகிறது என்றால், கீழே உள்ள இரண்டு கண்களை விட்டுவிட்டு மேலிருந்து கோத்துக்கொள்ளலாம்.

எப்போதும் முன்கால் காலணி மட்டுமே தேய்கிறது. ஒற்றைக் கால் மட்டும் வாங்க முடியுமா?

இங்கே முடியாது. கலிஃபோர்னியாவில் வேன்ஸ் தன் தொடக்க காலக் கடைகளில் ஸ்கேட்போர்டு ஆடுபவர்களுக்கு ஒற்றைக் காலணி விற்றதுண்டு. நமக்குள்ள வழி, அதே அளவு அணிந்து, மறுகாலை முன்னால் வைத்து ஆடும் நண்பர் ஒருவரைத் தேடிப் பிடிப்பதுதான். நிறம் மாறியிருந்தாலும் கவலை வேண்டாம். லான்ஸ் மவுன்டன் அப்படித்தான் ஆடினார்.